கண் பார்த்த இணைப்பும் திரை காட்டும் இணைப்பும்

இலங்கையின் மலைநாட்டில் வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்கிறது. நுவரெலியாவில் அதில் பாதியும் இல்லை. ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் ஈரம் மழையாகத்தான் வரவேண்டும் என்றில்லை. மூடுபனியாக இறங்கித் தகரக் கூரையிலும் மரக்கிளையிலும் அன்டெனாக் கம்பியிலும் படிந்து சொட்டும். ஹட்டனிலிருந்து நானுஓயா வரையிலான இந்த மலைகளில் அமெச்சூர் வானொலி நிலையம் வைத்திருப்பவருக்கு, குறுக்கே நிற்கும் மலையைவிடப் பெரிய தொல்லை கேபிளின் நுனியில் இருக்கும் பெருவிரல் அளவு உலோகத் துண்டு. அதற்குள் ஈரம் புகுந்துவிட்டால் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை, அன்டெனா எவ்வளவு உயரத்தில் இருந்தும் பயனில்லை. பொருத்துமுன் அந்தத் துண்டைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி மாறியிருக்கிறது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் சோதிப்பதற்கு அப்படி ஒரு துண்டே இருக்கவில்லை. எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் கொழும்பில் பரிசோதனை ஒலிபரப்பைத் தொடங்கி, 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமான காலம் அது. இலங்கை அமெச்சூர்களின் அழைப்புக்குறி சுதந்திரத்துக்கு முன் வி.எஸ்.7 என்று தொடங்கியது. இன்றைய 4எஸ்7 அதற்குப் பின் வந்தது. கருவியிலிருந்து அன்டெனாவுக்குப் போனவை இரண்டு வெறும் செப்புக் கம்பிகள். ஒன்றோடொன்று தொடாதிருக்க இடையிடையே மரக்குச்சிகள். அந்தக் குச்சிகளை ஈரம் உறிஞ்சாதபடி பாரஃபின் மெழுகில் கொதிக்கவைத்து எடுத்திருப்பார்கள். சுவரைத் துளைத்துப் பீங்கான் குழாய் வழியே உள்ளே வந்த கம்பி, திருகாணியில் சுற்றி இறுக்கப்படும். மழை பெய்தால் அந்தத் தொடரின் குணம் கொஞ்சம் மாறும், வெயில் வந்து காய்ந்ததும் மீளும். கம்பி கறுத்திருந்தால் கறுப்பு கண்ணுக்குத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. பழுது மறைந்திருக்க அதில் இடமே இல்லை.

அந்தக் கம்பிகள் எந்தக் கூரைக்குள் நுழைந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். வால்வுக் கருவி வைத்திருக்க மின்சாரமும் பணமும் அரசின் அனுமதியும் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் இவை கூடிவரக்கூடிய இடம் தோட்ட அதிகாரியான துரையின் பங்களாதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் இருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்களுக்கு 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடே இல்லாமற் போனது. கெஹெல்கமு ஓயாத் தண்ணீரில் 1950இல் லக்ஷபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் கொழும்புக்குப் போன பல காலத்துக்குப் பிறகும் அணைக்கு அருகிலிருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. குடியுரிமை இல்லாதவர் அலைவரிசை உரிமம் கேட்டு எந்த வாசலில் போய் நிற்பது? ஆகவே மலையகத்தின் வானொலிக் கைவினையைப் பற்றி எழுதும்போது, அதன் முதல் பாதியில் எங்கள் ஆட்கள் அன்டெனா மரம் ஏறியவர்களாகவும் கம்பி இழுத்தவர்களாகவும்தான் இருந்தார்கள் என்பதை விட்டுவிட முடியாது.

இரண்டாம் உலகப் போர் கம்பிகளைக் கேபிளுக்குள் அடைத்தது. நடுவில் உள்கம்பி, சுற்றிலும் பொலித்தீன், அதன் மேல் செப்புப் பின்னல், அதற்கும் மேல் கறுப்பு உறை. அதன் நுனிக்கு, அமெரிக்காவின் அம்ஃபெனால் நிறுவனம் 1930களின் கடைசியில் உருவாக்கிய பி.எல்.259 பிளக், கருவியின் முதுகில் அதற்கு இணையான எஸ்.ஓ.239 சொக்கெட். போர் முடிந்து இராணுவக் கருவிகள் உலகெங்கும் ஏலத்துக்கு வந்தபோது அமெச்சூர்களின் கைக்கு இந்தப் பிளக்கும் வந்தது. அந்த நாட்களில் பலரிடம் இருந்த கனெக்டர் அது ஒன்றுதான். அடாப்டர் என்ற பேச்சே அரிது. எல்லாம் ஒரே வகையாக இருக்கும்போது எதை எதற்கு மாற்றுவது?

அந்த ஒரு பிளக்கைக் கேபிளில் ஏற்றுவது பாதி நாள் வேலை. உறையைச் சீவி, பின்னலுக்கு முதலில் ஈயம் பூசி, பிளக்கின் உடலில் இருக்கும் நான்கு துளைகளின் வழியே ஈயத்தை உருக்கி ஊற்ற வேண்டும். பித்தளை உடல் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மலைக்காற்று மீதியை எடுத்துக்கொள்ளும். சிறிய சோல்டரிங் அயனால் அது ஆகாது. கரி அடுப்பில் காய்ச்சிய கனத்த செப்பு முனையால் செய்தார்கள். பேக்டரிப் பட்டறையில் ஃபிட்டரிடம் கொடுத்துச் செய்தவர்களும் உண்டு. பட்டறையில் தகரம் ஒட்டப் பயன்படும் அசிட்டை மட்டும் தொடக்கூடாது. அது உள்ளே தங்கிச் சில மாதங்களில் பின்னலைப் பச்சையாக அரித்துவிடும். பைன் பிசினில் செய்த ரோசின்தான் வேண்டும். சூடு குறைந்தால் ஈயம் ஒட்டாது, மேலே குமிழாக நிற்கும். சூடு கூடினால் உள்ளே பொலித்தீன் உருகி உள்கம்பி நடுவை விட்டு நகரும்.

சோதனைக்கு ஒரு டோர்ச் பல்பும் இரண்டு பெற்றரியும் போதும். கேபிளின் இரு நுனி ஊசிகளுக்கு இடையே வைத்தால் பல்பு எரிய வேண்டும். ஊசிக்கும் உடலுக்கும் இடையே வைத்தால் எரியக்கூடாது. எரியும்போது பிளக்கைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். வெளிச்சம் ஒரு கணம் துடித்தாலும் வெட்டிவிட்டு மறுபடி தொடங்குவது. பிறகு 60 வொட் வீட்டு பல்பைச் சுமையாக வைத்து அலையை அனுப்பிப் பார்ப்பது. பல்பு ஒளிர்ந்தால் சக்தி போய்ச் சேர்கிறது. கடைசியில், சில நிமிடம் அனுப்பிய பின் கருவியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் உள்ளே எங்கோ ஈயம் பிடிக்கவில்லை. எண் எதுவும் இல்லாத சோதனைகள் இவை. ஆனால் செய்தவரே சோதித்தார்; உள்ளே எந்த இடத்தில் சூடு தவறியிருக்கும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

அந்தக் காலத்தை மெச்சி முடித்துவிட எனக்கு மனமில்லை. பழைய பிளக்குகளை அறுத்துப் பார்த்தால் நான்கு துளையில் ஒன்றில் மட்டும் ஈயம் பிடித்தவையும் பின்னல் சும்மா செருகிக் கிடப்பவையும் ஏராளம். டோர்ச் பல்புக்கு அவை எல்லாம் நல்ல இணைப்புகளே. நேர்மின்னோட்டத்தில் எரிகிற பல்பு, விநாடிக்குப் பல இலட்சம் முறை மாறும் அலைக்கு அந்த இணைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லாது.

லயங்களுக்குக் கேபிள் வந்தது வானொலி வழியாக அல்ல, தொலைக்காட்சி வழியாக. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. இலங்கையின் மிக உயர்ந்த இடமான 2,524 மீற்றர் பீதுருதலாகல உச்சியில் அதன் பரப்பி நின்றது. மின்சாரமும் பெட்டியும் வந்த இடங்களில் குழாய்க் கம்பங்களில் அன்டெனா ஏறியது. கார் பெற்றரியில் பெட்டியை ஓட்டியவர்களும் இருந்தார்கள். 75 ஓம் கேபிளைச் சீவிப் பிளக் மாட்டப் பையன்கள் கற்றார்கள். ஈரம் புகாமல் இணைப்பின் மேல் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றி, அதன் மேல் டேப் ஒட்டினார்கள். பின்னாளில் டிஷ் வந்தபோது அதே கைகள் எஃப் வகைக் கனெக்டருக்குப் பழகின. இன்று தோட்டத்தில் கேபிளின் குணம் அறிந்த இளைஞர் ஒருவரைத் தேடினால் பெரும்பாலும் டிஷ் மாட்டுபவரிடம்தான் போய் நிற்போம். உரிமத்துக்கு மட்டும் அப்போதும் வழி குறுகலாகவே இருந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில், அலை அனுப்பும் கருவி ஒன்று தமிழ் இளைஞன் கையில் இருந்தால் அதற்கு என்ன பொருள் கற்பிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்வம் இருந்தவர்களும் கேட்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இன்றைய மேசையில் நிலைமை தலைகீழ். கனெக்டர் வகைகள் பெருகிவிட்டன: கருவியின் பின்னால் எஸ்.ஓ.239, அளவுகருவியில் பி.என்.சி., உயர் அதிர்வெண் அன்டெனாவில் என் வகை, கைக்கருவியில் சுண்டுவிரல் நகமளவு எஸ்.எம்.ஏ. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்க்க ஒரு டப்பா நிறைய அடாப்டர்கள். அன்று ஒரு பிளக் வேண்டுமென்றால் உடரட்ட மெனிக்கே ரயிலில் ஏறிக் கொழும்பு போய்ப் புறக்கோட்டையில் கடை கடையாகக் கேட்க வேண்டும். இன்று சீனாவிலிருந்து சிறு பொதியில் பத்தாகவும் இருபதாகவும் தபாலில் வருகின்றன. விலை மலிவு, ஈயம் வைக்கத் தேவையில்லை, திருகினால் பொருந்துகிறது. பிளக் தட்டுப்பாட்டால் நிலையமே மூடிக் கிடந்த காலத்தை நினைத்தால் இது சிறிய லாபமல்ல.

ஆனால் பொருந்துவது வேறு, இணைவது வேறு. 2012இல் வந்த பாவ்ஃபெங் யு.வி.5ஆர் போன்ற மலிவான கைக்கருவிகளில் ஊசி கருவியின் பக்கமே இருக்கும். பழைய கருவிகள் பலவற்றில் அது அன்டெனாவின் பக்கம் இருந்தது. வைஃபை ரவுட்டர்களுக்கென்று ஊசியும் துளையும் இடம் மாறிய எஸ்.எம்.ஏ. ஒன்று இருக்கிறது. அதை வழக்கமான எஸ்.எம்.ஏ.யோடு சேர்த்தால் புரி அழகாக ஏறி இறுகும். நடுவில் துளைக்கு எதிரே துளை நிற்கும். கையால் இழுத்துப் பார்த்தால் உறுதி, மின்சாரத்துக்கு வெறும் இடைவெளி. கருவி அதை அறியாமல் அலையை அனுப்பும். போன சக்தி திரும்பி வந்து கடைசி டிரான்சிஸ்டரைத் தாக்கும். 50 ஓம் என் வகை ஊசி 75 ஓம் ஊசியைவிடத் தடித்தது. தெரியாமல் 75 ஓம் சொக்கெட்டில் அழுத்தினால் அதன் நுண்ணிய விரல்கள் விரிந்துபோய், பிறகு சரியான ஊசியையும் பிடிக்காது. இவற்றைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். திருகுமுன் இரு முகத்தையும் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். பத்து வகை இருப்பதால்தான் இந்தப் பார்வை தேவைப்படுகிறது. ஒரே வகை இருந்த காலத்தில் தேவைப்படவில்லை.

பார்வைக்கு எட்டாதது அடாப்டரின் வயிறு. மலிவான எல் வடிவ அடாப்டர்கள் சிலவற்றில் உள்கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய எஃகு ஸ்பிரிங் ஒன்று இரு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கும். சுருள் என்பது அலைக்கு ஒரு தடை. 7 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் சுமார் 43 மீற்றர். நான்கு சென்ரிமீற்றர் அடாப்டர் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அலைக்கு அது இருப்பதே தெரியாது. 145இல் ஐம்பதில் ஒரு பங்கு. 435இல் அலைநீளம் 69 சென்ரிமீற்றராகச் சுருங்க, அதே அடாப்டர் பதினேழில் ஒரு பங்கு. அன்றைய அமெச்சூர்களின் பேச்சு பெரும்பாலும் முதல் வரிசை அதிர்வெண்களில் நடந்தது. அதனால் அவர்களுடைய அரைகுறை ஈயமும் தாக்குப்பிடித்தது. இன்றைய கைக்கருவிகள் பின்னிரண்டு வரிசையில் பேசுகின்றன. பிழையைப் பொறுக்கும் இடம் குறைந்துவிட்டது.

அதற்கு ஈடாகப் பார்க்கும் கண்ணும் கூர்மையாகியிருக்கிறது. ஆய்வுகூடத்தில் ஓர் அறையின் மூலையை நிரப்பிய வலையமைப்பு அளவி, நானோ வி.என்.ஏ. என்ற பெயரில் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. ஜப்பானிய அமெச்சூர் ஒருவர் திறந்த வடிவமைப்பாக வெளியிட்டதை 2019 வாக்கில் சீனாவில் பெருமளவில் செய்யத் தொடங்கினார்கள். அப்போது விலை சுமார் 50 டொலர். 2022 தொடக்கத்தில் அது 10,000 ரூபாய். அதே ஆண்டு நடுவில் ரூபாய் சரிந்தபோது 18,000. தோட்டச் சம்பளத்தில் இது லேசான தொகையல்ல, நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குவதே நல்லது. திறந்த முனை, குறுக்கிணைத்த முனை, 50 ஓம் சுமை என்று மூன்றையும் காட்டிக் கருவியை நேர்செய்த பின், சோதிக்க வேண்டிய அடாப்டரையும் அதன் முனையில் 50 ஓம் சுமையையும் மாட்டினால் திரையில் கோடு விழும். எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் எஸ்.டபிள்யூ.ஆர்.; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. நல்ல என் வகை அடாப்டர் 435இலும் 1.1க்குள் நிற்கும். பி.எல். வகை நல்லதாக இருந்தாலும் அங்கே கொஞ்சம் ஏறும், அது அதன் பிறவிக் குணம். ஸ்பிரிங் வைத்தது 145இலேயே காட்டிக்கொடுக்கும். பார்த்துக்கொண்டே அடாப்டரை ஆட்டினால் கோடு துள்ளுகிறதா என்பதும் தெரியும். டோர்ச் பல்பு துடித்ததும் இந்தக் கோடு துள்ளுவதும் ஒரே கேள்விக்கான விடைதான். இப்போது விடை ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனித்தனியாக வருகிறது.

இருந்தும் இந்தக் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. அந்தக் கருவி கேபிளுக்குள் விடும் சக்தி ஒரு மில்லிவொட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. நிலையத்தில் அதே அடாப்டர் வழியே 100 வொட் போகும். பத்து இலட்சம் மடங்கு. மெல்லிய சக்தியில் ஒழுங்காக நடந்துகொண்ட ஸ்பிரிங், நூறு வொட்டில் சூடேறித் தளரும். ஈரம் படிந்த காப்புப் பொருளில் பொறி பறக்கும். திரையில் 1.05 பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பழைய கையின் சோதனையை விட்டுவிட்டார்கள். அதை நான் இழப்பு என்றே சொல்வேன். ஒவ்வொரு அடாப்டரும் ஒரு டெசிபல் தின்னும் என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு டெசிபல் என்றால் நூறு வொட்டில் இருபது வொட் அந்தச் சிறு துண்டுக்குள்ளேயே வெப்பமாக வேண்டும். தொட்டால் விரல் பொசுங்கும். பல நிமிடம் அனுப்பிய பின்னும் குளிர்ந்தே இருக்கும் அடாப்டர் அவ்வளவு தின்னவில்லை என்பதை விரலே சொல்லிவிடும். ஐந்து ரூபாய்ச் செலவுகூட இல்லாத அளவை இது.

எண்ணை நம்பி ஏமாறும் இடம் இன்னொன்று இருக்கிறது, ஈரமான இந்த மலைகளில் அதுவே அதிகம். பிளக்கின் வாய் வழியே புகுந்த தண்ணீரைச் செப்புப் பின்னல் திரிபோல் உறிஞ்சிப் பல மீற்றர் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பின்னல் கறுக்கும், கேபிள் சக்தியை விழுங்கத் தொடங்கும். அன்டெனாவிலிருந்து திரும்பி வரவேண்டிய அலையும் வழியிலேயே விழுங்கப்படுவதால், வீட்டுக்குள் இருக்கும் மீற்றர் எஸ்.டபிள்யூ.ஆர். முன்னைவிட நன்றாக இருப்பதாகக் காட்டும். அழுகிய கேபிள் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். வெறும் கம்பிகளின் காலத்தில் அன்டெனாவின் அடியில் நியோன் பல்பைப் பிடித்து, அங்கே உண்மையில் என்ன வந்து சேர்கிறது என்று பார்த்தார்கள். இன்று அதைச் செய்ய எளிய வழி: மறுமுனையைத் திறந்து விட்டுவிட்டு வி.என்.ஏ.யில் திரும்பிவரும் இழப்பை அளந்தால், அதில் பாதி கேபிளின் இழப்பு. 30 மீற்றர் ஆர்.ஜி.58 கேபிள் நல்ல நிலையிலேயே 145 மெகாஹேர்ட்ஸில் சுமார் 6 டெசிபல் இழக்கும். அனுப்பியதில் கால் பங்கே மேலே சேரும். தடித்த ஆர்.ஜி.213 என்றால் பாதிக்குச் சற்று மேல். அளந்த எண் இவற்றைத் தாண்டிப் போனால் பிளக்கை வெட்டிப் பின்னலின் நிறத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

சைக்கிள் டியூப் நாடாவுக்குப் பதில் இப்போது தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கிறது. இழுத்துச் சுற்றினால் ஒரே துண்டாக இறுகிவிடும். பி.எல். வகைக்கு ரப்பர் வளையம் கிடையாது, அதனால் இந்தச் சுற்று இல்லாமல் அதை வெளியே விடக்கூடாது. என் வகையில் உள்ளேயே வளையம் இருக்கிறது, இருந்தாலும் வட்டவளை மழைக்கு அதையும் சுற்றிவிடுவதே மேல். மாறாத ஒன்று, வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு முறை கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுவது. தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகும். வெறும் கம்பிக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்.

2003இன் சட்டத்தோடு குடியுரிமைக் கேள்வி ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தது. இன்று லயத்துப் பிள்ளை ஒருவர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். அவருக்கு அளவுகருவியும் அறிவும் முந்தியவர்களுக்குக் கிடைத்ததைவிட எளிதில் கிடைக்கும். கிடைக்காதது, பிளக்கைத் தானே செய்து தானே வெட்டித் திறந்து கற்கும் பழக்கம். கற்பிக்கும் இடத்தில் முதலில் ஒரு மலிவான அடாப்டரை இரும்பு அறுக்கும் வாளால் பாதியாக அறுத்துக் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம். உள்ளே ஸ்பிரிங்கா, முழு உலோகமா என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்கு, பிறகு திரையில் வரும் கோடு என்ன சொல்கிறது என்று விளங்கும்.

இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26ஐச் சொல்வேன். கடற்கோள் தொலைபேசிகளை அறுத்தபோது, விக்டர் குணதிலக்க முதலான இலங்கை அமெச்சூர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலையில் செய்தி நடத்தினார்கள். மலைகளில் கடல் வராது, மண் வரும். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அப்படியான நாளில் மின்சாரமும் பாதையும் கைபேசிக் கோபுரமும் ஒன்றாகவே போய்விடும். அன்று பையிலிருந்து எடுக்கும் அடாப்டரை அன்று சோதிக்க நேரம் இருக்காது. சோதித்த திகதியையும் 145இலும் 435இலும் வந்த எண்ணையும் சிறு காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டி வைப்பவர்களை நான் மதிக்கிறேன். ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை மே மாதத்தில் இறங்குகிறது; ஏப்ரல் முடியுமுன் கம்பத்தின் உச்சி இணைப்பை இறக்கிப் பார்த்து, புதிய டேப் சுற்றி ஏற்றிவிட வேண்டும். ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்குக் கெடு அக்டோபர்.